பிரேக் பிடிக்கும் என்ற நம்பிக்கை

"பிரேக் பிடிக்கலை" என்று டிப்போ நோட்டில் எழுதினதுதான் கொளஞ்சியப்பன் செய்த தப்பு. வேற ஒரு தப்பும் செய்யலை, சத்தியமா. கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூருக்கு மலையேறுகிற பஸ்ஸை ஒன்பது வருஷமா ஓட்டுகிறவன். இதுவரைக்கும் ஒரு கோழி மேலகூட வண்டியை ஏத்தினதில்லை. சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து விட்டதும் என்ன கோளாறோ அதை டிரைவர் நோட்டில் எழுதணும், மெக்கானிக் அதைப் படித்துச் சரி பண்ணணும், காலையில் வண்டியை எடுக்கணும். பஸ் என்று ஒன்று ஓட ஆரம்பித்த நாளிலிருந்து உலகத்தில் இதுதான் வழக்கம். அவனும் அப்படித்தான் எழுதினான். மறுநாள் காலையில் நோட்டைத் திறந்தால், அவன் எழுத்துக்குக் கீழே சிவப்பு மசியில் இருந்தது: "கடுஞ்சொல். மென்மையாகத் திருத்தி எழுதவும். அன்புடன், கிளை மேலாளர்."

கொளஞ்சியப்பன் நோட்டைக் கண்டக்டர் ஜான் பாஷாவிடம் நீட்டினான்.

"இன்னா பாய் இது? பிரேக்கு பிடிக்கலைங்கறதை எப்படி மென்மையா எழுதறது?"

ஜான் பாஷா படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அண்ணே, போன வாரம் புக்கு வந்து எறங்குச்சில்ல, அது பண்ற வேலை."

புக்கு வந்து இறங்கினது உண்மை. மலைச்சாரல் போக்குவரத்துக் கழகத்தின் மேலாண்மை இயக்குநர் ராஜாங்கம் தன் வாழ்க்கை வரலாற்றைத் தானே எழுதியிருந்தார். பேரு 'வருடி வந்த வழித்தடம்'. நானூத்திப் பன்னிரண்டு பக்கம். அட்டையில் அவர் ஒரு பஸ்ஸின் முகத்தைக் கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டு நிற்கிறார். உதிரிச்சாமான் வரவேண்டிய லாரியில் நூத்தி எண்பது புத்தகம் வந்தது. உதிரிச்சாமான் வரலை, இடமில்லையாம். கூடவே ஒரு சுற்றறிக்கை: இன்று முதல் எல்லா டிப்போவும் இந்தப் புத்தகத்தில் சொன்ன 'மென்மைத் தலைமை'ப்படியே நடக்கவேண்டும். யாரும் யாரையும் அதட்டக்கூடாது. யாரும் யாரைப் பற்றியும் குறை சொல்லக்கூடாது. தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு அத்தியாயத்தை மைக்கில் படிக்கணும், அதுவரைக்கும் எல்லா வண்டியும் எஞ்சினை நிறுத்தி வைக்கணும்.

முதல் அத்தியாயத்தில் ராஜாங்கத்துக்கு ஆறு வயசு. பாலில் எறும்பு கிடக்கிறது. பால் கொடுத்த வேலைக்காரி மனசு நோகக்கூடாதென்று எறும்போடு சேர்த்துக் குடித்துவிடுகிறார். இதைப் படித்து முடித்ததும் டிப்போவில் எல்லாரும் கைதட்டணும் என்று சுற்றறிக்கையிலேயே போட்டிருந்தது. தட்டினார்கள். ஒன்பதரைக்குப் போகவேண்டிய சின்னசேலம் வண்டி பத்து மணிக்குப் போனது.

இதில் ரொம்பப் பாவம் கிளை மேலாளர் பச்சமுத்துதான். மனுஷன் இருபத்தஞ்சு வருஷமா கத்தியே டிப்போவை நடத்தினவர். அவர் டிப்போ வாசலில் நின்று "ஏய்!" என்றால் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன் மூட்டையைக் கீழே வைத்துவிடுவான். அப்படிப்பட்டவரை மென்மையாப் பேசு என்றால்? ரெண்டே நாளில் தொண்டை கட்டிக்கொண்டது. வாயில் பனங்கல்கண்டு, முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் டிரைவர்கள் அதிகமாப் பயந்தார்கள். தினமும் புத்தகத்திலுள்ள ஒரு நல்ல காரியத்தை அவர் செய்து காட்டி, போட்டோ எடுத்து, மூணு பிரதி தலைமை அலுவலகத்துக்கு அனுப்பணும்.

ஏழாம் அத்தியாயம் வந்தது. அதில் இளம் அதிகாரி ராஜாங்கம், தூங்கிக்கொண்டிருக்கிற ஒரு டிரைவரை எழுப்பாமல் தன் கம்பளியைப் போர்த்திவிட்டு மூணு மணி நேரம் பக்கத்தில் நிற்கிறார். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று புத்தகத்தில் இல்லை. பச்சமுத்துவுக்கு இப்போது தூங்குகிற டிரைவர் ஒருத்தன் வேணும். கரியாலூர் வண்டியைக் கிளப்பப் போன கொளஞ்சியப்பன் அகப்பட்டான்.

"கொளஞ்சியப்பன் அவர்களே, கொஞ்சம் படுத்துத் தூங்குறீங்களா?"

கொளஞ்சியப்பன் திரும்பிப் பார்த்தான். பின்னால் வேறு யாரும் இல்லை. "சார், மணி பத்து. வண்டி நெறைய ஆளுங்க இருக்குறாங்க."

"அஞ்சு நிமிஷம். போட்டோக்காரர் காத்துக்கினு இருக்கார்."

சித்திரை வெயிலில், தகரக் கொட்டகைக்குக் கீழே, பெஞ்சில் கொளஞ்சியப்பனைப் படுக்கப்போட்டுக் கம்பளியைப் போர்த்தினார்கள். முதல் படத்தில் அவன் கண் திறந்திருந்தது. ரெண்டாவதில் மேலாளர் கோபமா இருக்கிற மாதிரி விழுந்திருந்தது என்று அவருக்கே சந்தேகம். மூணாவதுக்கு "இன்னும் கொஞ்சம் அசந்து தூங்குங்க" என்றார். வேர்த்து ஊற்றியது. பஸ்ஸிலிருந்து பெரியம்மாள் இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். மலையில் சாமையும் கடுக்காயும் சேகரித்துக் கள்ளக்குறிச்சியில் விற்றுவிட்டுத் திரும்புகிறவள், வாரத்தில் நாலு நாள் இந்த வண்டிதான்.

"அய்யய்யோ, டிரைவருக்கு இன்னா ஆச்சு? உசுரு இருக்குதா?"

"இருக்குது, பேசாத போ" என்றது கம்பளி.

அந்தச் சாயங்காலம்தான் கொளஞ்சியப்பன் நோட்டைத் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனான்.

"சார், பிரேக்கு பிடிக்கல சார். மூணு மிதி மிதிச்சா ஒரு மிதிக்குத்தான் பிடிக்குது. லைனிங் தேஞ்சு போச்சு. அது மலை ரோடு சார்."

பச்சமுத்து ரெண்டு காதையும் பொத்திக்கொண்டார். "பிடிக்கலைன்னு சொல்லாதீங்க! அந்தப் பிரேக்கைப் பாத்துக்கறது யாரு? மெக்கானிக் முனியன். இதைப் படிச்சா முனியன் மனசு இன்னா பாடுபடும்? பன்னண்டாம் அத்தியாயம் இன்னா சொல்லுது? குறையைச் சொல்லாதே, கனவைச் சொல். உங்க பிரேக்கைப் பத்தி உங்க கனவு இன்னா?"

கொளஞ்சியப்பன் யோசித்தான். "பிடிக்கணும் சார்."

"பாத்தீங்களா! கேக்கவே எவ்வளவு நல்லாயிருக்குது. அதை எழுதுங்க."

எழுதினான். மேலாளர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினான். "எங்கள் வண்டியின் பிரேக் பிடிக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது." மறுநாள் காலையில் கீழே சிவப்பு மசி: "எங்களுக்கும். வாழ்த்துகள்."

முனியன் நோட்டைப் பார்த்து வயிற்றில் அடித்துக்கொண்டான். "எனக்கு இன்னாடா மனசு? நீ அசிங்க அசிங்கமா எழுதுடா, நான் வாங்கிக்கறேன். புகார்னு எழுதினாத்தானே ஸ்டோர்ல லைனிங் குடுப்பாங்க!"

ஸ்டோர் நூர் முகமதுவிடம் ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் கெஞ்சினார்கள். அவர் அலமாரியைத் திறந்து காட்டினார். புது லைனிங் அடித்த பிரேக் ஷூக்கள் ஜோடி ஜோடியா அடுக்கியிருந்தன. கையை நீட்டினால் தொடலாம்.

"எனக்கு மட்டும் ஆசையா, இதுகளைப் பூட்டி வச்சிக்கினு உக்காந்திருக்க? புகார் நம்பர் போட்டுத்தான் வெளிய குடுக்க முடியும். நீ நம்பிக்கைன்னு எழுதிக்கினு வர்ற. நம்பிக்கைக்கு ஸ்டோர்ல ஒண்ணும் கெடையாதுப்பா."

ஆக, பிரேக் இல்லாமலே வண்டி மலையேறியது. ஏறுவதற்கு ஒண்ணுமில்லை, ஏறுகிற வண்டிக்குப் பிரேக் எதுக்கு? இறங்கும்போதுதான் இருக்கிறது சங்கதி. வண்டியை ரெண்டாவது கியரில் போட்டு, எஞ்சின் அலற அலற இறக்கணும். சரிவில் எங்கேயாவது ஆள் ஏறணும் என்றால் ஜான் பாஷா ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடணும். அந்தக் கட்டையும் தேய்ந்து தேய்ந்து கொட்டாங்கச்சி அளவுக்கு ஆகியிருந்தது. புதுக்கட்டை கேட்டால் அதுவும் புகார். அதனால் மலை சனங்களே ஒரு ஏற்பாடு பண்ணிக்கொண்டார்கள். பஸ் ஏற வருகிறவர்கள் வரும்போதே கையில் ஒரு கல்லோடு வருவார்கள். நின்றதும் போடுவார்கள், கிளம்பும்போது எடுத்துக்கொண்டு ஏறுவார்கள். பெரியம்மாள் கல்தான் இருப்பதிலேயே நல்ல கல். முறம் அகலத்துக்குத் தட்டையா இருக்கும். படிக்கட்டுப் பக்கத்து சீட்டில் அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள்.

"ஆத்தா, கல்லுக்கு லக்கேஜ் போடட்டுமா?" என்பான் ஜான் பாஷா.

"போடு. மொதல்ல பிரேக்கு போடு, அப்பறம் லக்கேஜ் போடு" என்பாள்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். எட்டாம் நாள் சிரிப்பு நின்றது. பரிகம் ஊருக்கு மேலே ஒரு வளைவில் கொளஞ்சியப்பன் மிதித்தான், மிதித்தான், மிதித்தான், மூணு மிதிக்கும் பிடிக்கலை. இடதுபக்கம் மண்மேட்டில் வண்டியை உரசி உரசி, செடிகொடியெல்லாம் சன்னல் வழியா உள்ளே வந்து விழ, ஒரு வழியா நின்றது. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. கொளஞ்சியப்பன் இறங்கிப் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தான். பயந்துட்டான் மனுஷன், அதைச் சொல்ல இன்னா வெக்கம்? உள்ளே அறுபது உசுரு.

வீட்டில் அவன் பெண்டாட்டி செவ்வந்தி, சோத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "லீவு போட்டுட்டு வூட்டுல கெட. வண்டியும் வாணாம் ஒண்ணும் வாணாம்" என்றாள்.

"நான் லீவு போட்டா உளுந்தூர்பேட்டையிலேருந்து மாத்து டிரைவர் வருவான். அவனுக்குத் தெரியாதுடி. பிரேக்கு இருக்குதுன்னு நம்பி மிதிப்பான்."

அந்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து தந்தி வந்தது. கழகத்தின் முப்பத்தொரு டிப்போவில், ஒரு புகார்கூட இல்லாத டிப்போ கள்ளக்குறிச்சி ஒன்றுதான். அதுக்கு 'மயிலிறகு விருது'. ராஜாங்கமே நேரில் வருகிறார். மலையில் ஏழை எளியவர்கள் மத்தியில் கரியாலூர் பள்ளிக்கூட மைதானத்தில் விழா. முடிந்ததும் சாதாரண மக்களோடு சாதாரண பஸ்ஸில் கீழே இறங்கி, ஆறு மணிக்குக் கள்ளக்குறிச்சியில் இன்னொரு விழா. எந்தச் சாதாரண பஸ் என்று சொல்லவும் வேணுமா? பச்சமுத்து வண்டிக்கு மாவிலைத் தோரணம் கட்டினார், வாழைமரம் கட்டினார், முன்கண்ணாடியில் பாதியை மறைத்து ராஜாங்கம் படத்தை ஒட்டினார்.

"சார், பிரேக்கு..." என்றான் கொளஞ்சியப்பன்.

"நம்பிக்கை" என்றார் மேலாளர், கல்கண்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டே.

ராஜாங்கம் நல்ல உயரம், நல்ல சிவப்பு, மல்லுவேட்டி. விழாவில் ஒண்ணே முக்கால் மணி நேரம் பேசினார். வெயிலில் உட்கார்ந்து கேட்ட சனங்களுக்கு ஆளுக்கு ஒரு புத்தகம். பெரும்பாலானவர்கள் அதைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டார்கள், நிழலுக்கு.

"என்னருமைத் தோழர்களே! முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில் நான் ஒருவரையும் திட்டியதில்லை. திட்ட வேண்டியவர்களை மாற்றல் செய்துவிடுவேன். மாற்றல் உத்தரவின் அடியில் 'அன்புடன்' என்று என் கையாலேயே எழுதுவேன். ஒருவர் அழுதுகொண்டே வந்தார், மனைவிக்கு உடம்பு சரியில்லை, மாற்றலை ரத்து செய்யுங்கள் என்று. அவர் கண்ணீரை என் கைக்குட்டையால் துடைத்தேன். கைக்குட்டையை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டேன். புது ஊருக்குப் போய் எனக்கு நன்றிக் கடிதம் எழுதினார்! முன்பெல்லாம் நம் கழகத்துக்கு மாதம் நாலாயிரம் புகார் வரும். இன்று புகாரே இல்லை. ஏன்? நான் எதையாவது சரி செய்தேனா? ஒன்றுமே செய்யவில்லை! அன்பு செலுத்தினேன், அவ்வளவுதான்!"

பச்சமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைதானம் கைதட்டியது, கைதட்டினால்தான் பொட்டலம் சோறு என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

ரெண்டரை மணிக்கு வண்டி கிளம்பியது. டிரைவருக்குப் பின்சீட்டில் ராஜாங்கம், பக்கத்தில் பச்சமுத்து, மத்ததெல்லாம் மலை சனம். பின்னாலேயே ராஜாங்கத்தின் காலி ஜீப்பு. கொளஞ்சியப்பன் ரெண்டாவது கியரில் ஊர்ந்தான்.

"என்ன ஒரு நிதானம்!" என்றார் ராஜாங்கம்.

"உங்க புக்கைப் படிச்சவருங்க ஐயா" என்றார் பச்சமுத்து.

ஒரு மைல் இறங்கினதும் பெரியம்மாள் ஊர் நிறுத்தம். நல்ல சரிவு. ரோட்டுக்கு ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் ஒரு வண்டிதான் போகலாம். ஜான் பாஷா குதித்தான், நாலு ஆம்பிளைகள் குதித்தார்கள், நாலு சக்கரத்துக்கும் கல்லு விழுந்தது, வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. கடுக்காய் மூட்டையும் மடிக்கல்லுமா பெரியம்மாள் ஏறினாள். ராஜாங்கம் எழுந்து தன் சீட்டில் பாதியை அவளுக்குக் கொடுத்தார். பத்தொன்பதாம் அத்தியாயம்.

"உட்காருங்கள் அம்மா. மடியில் என்ன, கல்லா? குலதெய்வமா?"

பெரியம்மாள் அந்தப் புத்தகத்தைப் படிக்காதவள். "பிரேக்கு இல்ல சாமி இந்த வண்டிக்கு. நின்னா சக்கரத்துக்குப் போடறதுக்கு."

"என்ன இல்லை?"

"பிரேக்கு. போன வாரம் பொதருல உட்டு நிறுத்தினான் பாவம் இந்த டிரைவரு. உனக்கு யாரும் சொல்லலியா?"

ராஜாங்கம் மெல்லப் பச்சமுத்துவைப் பார்த்தார். பச்சமுத்து மெல்லச் சன்னலைப் பார்த்தார். ராஜாங்கம் வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு எழுந்தார். முகத்தில் அதே சிரிப்பு.

"தோழர்களே, என் ஒருவனால் உங்களுக்கு இட நெருக்கடி. நான் ஜீப்பில் வருகிறேன். நீங்கள் தொடர்ந்து பயணம் செய்யுங்கள்."

சொல்லிவிட்டு இறங்கிவிட்டார் ஐயா. அறுபது பேர் உள்ளே இருக்க, அன்போடு இறங்கிவிட்டார். ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்து, "கிளம்பச் சொல்லு பஸ்ஸை. அது போனாத்தானே நமக்கு வழி" என்றார். சன்னல் வழியா எல்லாருக்கும் கேட்டது.

அதுவரைக்கும் கொளஞ்சியப்பனுக்குப் பயம்தான் இருந்தது. அப்போதுதான் கோபம் வந்தது, அடிவயித்திலேருந்து வந்தது. எஞ்சினை அணைத்தான். சாவியை உருவி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி, ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவன் பின்னாடியே சனம் மொத்தமும் இறங்கி உட்கார்ந்தது. பெரியம்மாள் வெத்திலை மடித்தாள்.

பச்சமுத்து ஓடி வந்தார். "கொளஞ்சியப்பன் அவர்களே..."

"பிரேக்கு போட்டா எடுக்கறேன் சார்."

"மென்மையா..."

"மென்மையாத்தான் சொல்றேன். எடுக்க மாட்டேன்."

ஜீப்பு முன்னே போக முடியாது, பஸ் அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆறு மணிக்குக் கள்ளக்குறிச்சியில் மாலையோடு ஆயிரம் பேர். ராஜாங்கத்துக்கு ஒரே வழிதான். ஜீப்பைத் திருப்பிக் கரியாலூர் தபாலாபீசுக்குப் போய் டிப்போவுக்குப் போன் போடணும். எந்த லைனிங் என்று சொல்ல கொளஞ்சியப்பனையும் ஏற்றிக்கொண்டார். தபாலாபீசில் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தைப் பார்த்ததும் ஐயாவுக்குப் புத்தகம் ஞாபகம் வந்துவிட்டது. குரலை வெண்ணெயாக்கிக்கொண்டார்.

"வணக்கம் தோழர் நூர் முகமது. நான் ராஜாங்கம். கரியாலூர் வண்டியின் பிரேக் இன்னும் நன்றாக அமையவேண்டும் என்பது என் கனவு."

அந்தப்பக்கம் நூர் முகமது பரவசப்பட்டுப்போனார். "எங்களுக்கும் ஐயா! வாழ்த்துகள் ஐயா!" போனை வைத்துவிட்டார்.

ராஜாங்கம் கையிலிருந்த போனையே பார்த்தார். மறுபடி போட்டார்.

"தோழரே, லைனிங் வந்தால் மனம் மகிழ்வேன்."

"உங்க மகிழ்ச்சிதான் ஐயா எங்க மகிழ்ச்சி." வைத்துவிட்டார்.

மூணாவது தடவை. "அன்பரே, தயவுசெய்து வைத்துவிடாதீர்கள். லைனிங் அனுப்ப முடியுமா?"

"புகார் இருக்குதுங்களா ஐயா? நம்ம டிப்போவுலதான் புகாரே இல்லீங்களே. நீங்களே விருது குடுத்தீங்களே!"

அப்போது வெடித்தது பாருங்க! முப்பத்திரண்டு வருஷமா உள்ளே அடக்கி வைத்ததெல்லாம் மொத்தமா வந்தது. "டேய் அறிவுகெட்டவனே! பிரேக் பிடிக்கலைடா! பிடிக்கலை, பிடிக்கலை, பிடிக்கலை! தேஞ்சுபோச்சுடா நாசமாப்போனவனே! எழுதுடா, புகார்னு எழுது! என் பேரை எழுது! இன்னும் ஒரு மணி நேரத்துல இங்க லைனிங் வரலை, உன் தோலை உரிச்சு..." மத்ததை எழுதினால் அச்சுக்காரர் கோர்க்க மாட்டார். தபாலாபீஸ் ஓட்டிலிருந்த காக்கை பறந்தது.

போனில் நூர் முகமது பெருமூச்சு விட்டது கொளஞ்சியப்பனுக்கே கேட்டது. "அல்லா! இப்பத்தான் ஐயா வெவரமா சொன்னீங்க. தோ, முனியனை வேன்ல ஏத்திட்டேன்."

ஜீப்பு ரெண்டு பேரையும் பஸ்ஸுக்குப் பின்னால் கொண்டுவந்து விட்டது, ராஜாங்கம் அதை விட்டு இறங்கலை. முனியன் ஐம்பது நிமிஷத்தில் வந்து சேர்ந்தான். நாலு சக்கரத்தையும் கழற்றி, ஷூவை மாற்றி, நட்டை முறுக்கி முடிக்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. சந்தோஷத்தில் வேலை செய்தான். பச்சமுத்து பக்கத்தில் நின்று, "சீக்கிரம்டா! ஏய்! ஸ்பேனரை அப்படியாடா பிடிப்பாங்க!" என்று கத்திக்கொண்டே இருந்தார். தொண்டைக்கட்டு எங்கே போனதென்றே தெரியலை, முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது.

கொளஞ்சியப்பன் சாவியைப் போட்டான். கல்லையெல்லாம் எடுத்தார்கள். ரெண்டாவது கியரில் இறங்கிய வண்டியை அவன் மூணாவதுக்கு மாற்றினான், ரொம்ப நாளைக்கப்புறம். கடுக்காய் மூட்டைகளும் கட்டிப்போட்ட கோழிகளும் அறுபது பேருமா வண்டி வேகம் எடுத்தது. பரிகத்து வளைவு வந்தது. காலைத் தூக்கி ஒரே மிதி மிதித்தான்.

பிடித்தது பாருங்க ஒரு பிடி! வண்டி ஆணியடித்தாற்போல நின்றது. பிடிக்கிற பிரேக்குக்குப் பழக்கமில்லாத சனம் மொத்தமும் பின்னாலிருந்து முன்னால் வந்து விழுந்தது. ஜான் பாஷாவின் பை பறந்தது. பெரியம்மாள் மூட்டை அவிழ்ந்து கடுக்காய் உருண்டோடியது.

"யோவ், கண்ணு பொடனியிலயா இருக்குது உனக்கு?"

"எவன்டா உனக்கு லைசன்ஸ் குடுத்தவன்!"

"எடுபட்ட பயலே, சொல்லிட்டு மிதிச்சா இன்னா?" இது பெரியம்மாள், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

இப்படி ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி, அவன் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டினார்கள். கொளஞ்சியப்பன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணியும் வந்தது. எல்லாரும் முழுசா இருக்கிறார்கள், நல்ல குரலில் திட்டுகிறார்கள். வண்டியை மெல்ல எடுத்து, பத்தடி உருளவிட்டு, ஆசை தீர இன்னொரு மிதி மிதித்தான்.